கறுப்புப் பசை காட்டிக்கொடுத்த வைட்டமின்

இங்கிலாந்தில் காலையில் ரொட்டியைச் சுட்டு, வெண்ணெய் தடவி, அதன்மேல் கரும்பழுப்புப் பசை ஒன்றைத் துளியூண்டு பூசுவார்கள். அதன் பெயர் மார்மைட். பார்த்தால் வெல்லப்பாகு மாதிரியே மினுமினுக்கும். இனிக்கும் என்று நம்பி வாயில் வைத்தீர்களோ, உப்பும் கசப்பும் சுள்ளென்று ஏறும்! ஒரே வீட்டில் அண்ணன் விரலை விட்டு நக்குவான். தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். இலங்கையிலும் அதற்கு ரசிகர்கள் நிறைய. வெந்நீரில் கரைத்து, எலுமிச்சை பிழிந்து குடிப்பவர்களும் அங்கே உண்டு.

இந்தப் பசை எதிலிருந்து வருகிறது தெரியுமா? ஈஸ்ட்டிலிருந்து. ஈஸ்ட் என்பது ஒரே ஒரு செல்லால் ஆன பூஞ்சை. பர்ட்டன் அபான் ட்ரென்ட் என்ற ஆங்கிலேய ஊரில் பீர் ஆலைகள் அதிகம். அங்கே பீர் தயாரித்து முடிந்ததும் தொட்டிகளில் ஏராளமான ஈஸ்ட் மிஞ்சும். அதைச் சுண்டவைத்து உணவாக்கலாம் என்று லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் முன்பே கண்டறிந்திருந்தார். 1902-ல் அந்த ஊரிலேயே மார்மைட் நிறுவனம் தொடங்கியது.

மிஞ்சிய ஈஸ்ட்டில் உப்பைச் சேர்ப்பார்கள். உப்பு செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். செல் சுருங்கிச் சாகும். அதற்குப் பிறகு நடப்பதுதான் விந்தை. செல்லுக்குள் இருக்கும் நொதிகள் அந்தச் செல்லின் புரதங்களையே துண்டு துண்டாக வெட்டத் தொடங்கும். ஈஸ்ட் தன்னைத் தானே செரித்துக்கொள்கிறது! கெட்டியான செல்சுவர்களை வடிகட்டி நீக்கிவிட்டு, மீதியைச் சுண்டவைத்தால் பசை தயார். புரதம் உடையும்போது குளுட்டமேட் நிறைய வெளிவரும். 1908-ல் ஜப்பானில் இக்கேதா என்ற அறிஞர் கடற்பாசிச் சாற்றில் கண்டுபிடித்து ‘உமாமி’ என்று பெயர் வைத்த சுவைக்குக் காரணம் இதே பொருள்தான். நன்கு பழுத்த தக்காளியிலும் அது உண்டு. மார்மைட்டில் அந்தச் சுவை உப்போடும் கசப்போடும் செறிந்து கிடக்கிறது. கசப்பை எல்லா நாக்கும் ஒரே அளவில் உணர்வதில்லை. சின்ன வயதிலிருந்து சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது அமுதம். புதிதாக ருசிப்பவர்களுக்குப் பெரும் சோதனை.

பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், இந்தப் பசைக்கு நாம் ஒரு நன்றி சொல்ல வேண்டும். 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலருக்குக் கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. சிலர் இறந்தும் போனார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் அவர்களுடைய ரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், அளவில் பெருத்தும் இருந்தன. லூசி கிருமியைத் தேடினார். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் விசாரித்தார். அவர்களுடைய உணவில் காய்கறியும் பழமும் மிகக் குறைவு.

அதே மாதிரி உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் ரத்தசோகை வந்தது. ஆனால் எலிப்பேன் பரப்பிய ஒரு கிருமியும் அதில் குழப்பம் செய்திருந்தது. அதனால் குரங்குகளை வைத்துச் சோதித்தார். நோயுற்ற குரங்குக்கு மார்மைட் கொடுத்ததும் அது தேறியது. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் இந்த முடிவுகளை வெளியிட்டார். நம் குன்னூரிலும் அவர் ஆய்வு செய்திருக்கிறார். சென்னை திருவல்லிக்கேணியில் எல்லாரும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் மருத்துவமனையிலும் வேலை பார்த்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குணப்படுத்திய பொருள் என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது! பெயர் தெரியாத அதை ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தார்கள். 1941-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையை அலசி, அதிலிருந்து ஒரு துளி அளவு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின். வில்ஸ் காரணியும் அதுவேதான். சில ஆண்டுகளில் அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

நம் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஃபோலிக் அமிலம் அவசியம். அது குறைந்தால் செல் வளர்ந்துகொண்டே போகும், ஆனால் பிரிய முடியாமல் திணறும். லூசி பார்த்த பெருத்த அணுக்களுக்குக் காரணம் இதுதான். வயிற்றில் குழந்தை வளரும்போது செல்கள் மளமளவென்று பெருக வேண்டும். அதனால் தாய்க்கு இந்தச் சத்து இன்னும் கூடுதலாகத் தேவை.

கீரையிலும் பயறு, பருப்பு வகைகளிலும் ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம் இருக்கிறது. ரொம்ப நேரம் வேகவைத்து நீரைக் கொட்டினால் பெரும்பகுதி போய்விடும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும், பள்ளியில் வாரம் ஒருமுறை உங்களுக்குக் கொடுக்கும் மாத்திரையிலும் இரும்போடு சேர்ந்து இருப்பது அந்த ‘வில்ஸ் காரணி’யேதான்.