புறக்காழும் அகக்காழும்: உடையார்பாளையம் வட்டாரப் பனங்கைக் கூரைகளின் வலிமை மதிப்பீடு

அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் வட்டாரத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தூணும் உத்திரமும் தேக்கு, வேம்பு முதலிய மரங்களாலும், ஓட்டைத் தாங்கும் கைகள் பனையாலும் அமைவதுண்டு. இவ்வீடுகளைப் புதுப்பிக்கும்போது எக்கட்டையை நீக்குவது, எதனைத் தக்கவைப்பது என்னும் முடிவு வலிமை மதிப்பீட்டைச் சார்ந்தது. ஒரே அளவுகோல் இரண்டிற்கும் பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா.

வெளிப்புறம் வன்மையுடையதைப் புல் என்றும், உட்புறம் வன்மையுடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கிறது. அதன்படி பனை புல்லினம். ஒருவித்திலை, இருவித்திலை என்னும் தாவரவியல் பகுப்போடு இதனை ஒப்பிடுவது வழக்கம். கட்டுமானத்திற்கு வேண்டுவதோ விதையிலையின் எண்ணிக்கையன்று. காழ் இருக்கும் இடமே.

வளையும் கட்டையில் தகைவு மேல், கீழ் விளிம்புகளில் மிகுதி, நடுவில் குறைவு. உள்விட்டம் வெளிவிட்டத்தில் பாதியாக உள்ள உருளை, பரப்பில் 25 விழுக்காட்டை இழந்தாலும் வளைவு விறைப்பில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே இழக்கும். நிற்கும் பனை காற்றைத் தாங்குவதற்கு இவ்வமைப்பு துணைபுரிகிறது. நெடுக்கில் பிளந்த பனங்கையிலோ அவ்வுருளை இல்லை. ஒரு முகம் வைரம், மறுமுகம் மென்மையான உட்பகுதி. ஆகவே அகலமும் உயரமும் போதா. வைரத்தின் தடிப்பையும் அளத்தல் வேண்டும்.

இந்தியத் தர அளவை ஐ.எஸ். 1708, குறையற்ற சிறு துண்டுகளை (5×5×75 செ.மீ. அல்லது 2×2×30 செ.மீ.) வளைத்துச் சோதிக்கிறது. பனையில் அத்துண்டு எவ்விடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கும். மீட்சிக் குணகத்தைக் கொண்டு மரங்களை மூன்று தொகுதிகளாக்கும் ஐ.எஸ். 883-இன் முறையைப் பனையின் சராசரி மதிப்பொன்றால் பின்பற்றுவது பிழைக்கு இடந்தரும். மற்றொரு புறக்காழ்த் தாவரமாகிய மூங்கிலுக்கு ஐ.எஸ். 6874 எனத் தனிச் சோதனைமுறை இருப்பது இங்குக் கருதத்தக்கது.

களத்தில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையடைகிறது. மெல்லிய துளையூசியின் தடையை அளக்கும் கருவியில், தேக்கு உத்திரத்தின் நடுவே தடை சரிந்தால் உளுப்பு என ஐயுறலாம். பனங்கையில் வைரத்தைக் கடந்ததும் தடை சரிவது இயல்பு. அதனை உளுப்பெனக் கொண்டால் நல்ல கட்டை வீணே கழிக்கப்படும். மறுதலையான பிழை ஆபத்தானது. உத்திரத்தின் வெளிப்புற வெண்மரத்தைக் கறையான் அரித்திருப்பின், எஞ்சிய வைரத்தின் குறுக்களவைக் கொண்டு மறுகணக்கிடலாம். பனங்கையில் அதே ஆழம் அரிக்கப்பட்டால் இழந்தது வைரமே. சுவரில் பதிந்த முனைகளில் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டும்போது பூஞ்சைச் சிதைவுக்கும் வழியுண்டு. அம்முனைகள் வெளியிலிருந்து தெரிவதில்லை. எனவே ஓடு பிரித்தவுடன் முதற்சோதனை சுவர்முனையில், வைரமுகத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.