சொந்தக்காரர் ரத்தத்துக்கு ஏன் கதிர்வீச்சு?

ஆபரேஷனுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னதும் வீட்டார் முதலில் கூப்பிடுவது தம்பியையோ தாய்மாமனையோதான். ஊர் பேர் தெரியாதவர் ரத்தத்தைவிடச் சொந்தக்காரர் ரத்தம் பத்திரம் என்பது பலரின் எண்ணம். ரத்த வங்கிக்காரர்கள் இதற்குத் தலையாட்ட மாட்டார்கள்.

காரணம், லிம்போசைட் எனும் வெள்ளையணுக்கள். தானமாக வரும் ரத்தத்தில் இவையும் உயிரோடு வந்து சேர்கின்றன. பொதுவாக நோயாளியின் உடல் இவற்றை அந்நியர் என்று கண்டுபிடித்து அழித்துவிடும். நெருங்கிய உறவில் சிக்கல் வருகிறது. கொடுப்பவரின் அணுவிலுள்ள அடையாளங்களெல்லாம் பெறுபவரிடமும் இருந்தால் அவர் உடலுக்குச் சந்தேகம் வராது. ஆனால் பெறுபவரிடம் கூடுதலாக உள்ள அடையாளங்களை, வந்த அணுக்கள் அந்நியமாகப் பார்க்கும். பெருகித் தோல், ஈரல், குடல், எலும்பு மஜ்ஜை என்று தாக்கும். மிக அரிதான நோய்தான். வந்துவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

அத்தை மகளையும் அக்காள் மகளையும் கட்டிக்கொள்ளும் வழக்கமுள்ள தமிழ்நாட்டில் இப்படிப் பொருந்திவிடும் வாய்ப்பு கூடுதல். ஜப்பான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. இதய அறுவைக்கு உறவினரின் புது ரத்தத்தை ஏற்றி வந்த காலத்தில் அங்கே பலர் இறந்தார்கள். 1998இல் கதிர்வீச்சு செய்த ரத்தம் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபின் அந்நோய் ஏறக்குறைய மறைந்தே போனது.

வழி எளிது. ரத்தப் பையை ஈயக் கவசமிட்ட கருவிக்குள் வைத்து, கோபால்ட்-60, சீசியம்-137 அல்லது எக்ஸ்ரே கதிரைச் சில நிமிடங்கள் பாய்ச்சுகிறார்கள். கதிரின் அளவு பையின் நடுவில் 25 கிரே. எந்த மூலையிலும் 15 கிரேவுக்குக் குறையக் கூடாது. இத்தகைய கருவியை அணுசக்தித் துறையின் நவி மும்பை நிறுவனமான பிரிட் இந்தியாவிலேயே தயாரிக்கிறது.

25 கிரே எவ்வளவு? முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் ‘கரண்ட் வைக்க’, அதாவது கதிர் சிகிச்சைக்கு, வருபவருக்கு ஒரு நாளில் பொதுவாகத் தரும் அளவு 2 கிரே. அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஒரே தடவையில் ரத்தப் பைக்குப் போகிறது. சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் உட்கரு இல்லை, அவை பிரிந்து பெருகுவதுமில்லை. அதனால் தாக்குப்பிடிக்கின்றன. லிம்போசைட்டின் டிஎன்ஏ அறுந்துவிடுகிறது. மற்ற பல அணுக்கள் கதிர்பட்டாலும் அடுத்துப் பிரியும்போதுதான் சாகும். லிம்போசைட்டோ சும்மா இருக்கும்போதே, ஓரிரு நாளுக்குள் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். கரண்ட் வைத்துக்கொள்ளும் நோயாளிகளுக்கு இந்த அணுக்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்குவதும் இதனால்தான். கதிர் பாயும் இடத்தின் வழியே ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறதே!

சிவப்பணுவுக்கும் முழு விலக்கு இல்லை. அதிலிருந்து பொட்டாசியம் கசியும். ஆகவே கதிர்பட்ட பையை அதிகபட்சம் 28 நாள்தான் வைத்திருக்கலாம். பச்சைக் குழந்தைக்கென்றால் உடனே ஏற்றிவிட வேண்டும்.

லிம்போசைட்டைச் சாதாரணப் புற ஊதா ஒளியாலும் வீழ்த்தலாம். அந்தக் கதையின் ஒரு முனை மயிலாப்பூர் கச்சேரி சாலை டப்பா செட்டிக் கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் இருக்கிறது. குளியல் பொடிக்கு வாங்கும் கார்போகரிசியில் சோராலென் என்ற பொருள் உண்டு. வெண்புள்ளிக்கு இதைத் தடவி வெயில் காட்டுவது பழைய வைத்தியம். இதன் நெருங்கிய உறவான 8-மெத்தாக்சிசோராலெனைக் கொண்டு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ரிச்சர்ட் எடல்சன் 1987இல் ஒரு புது முறையை வெளியிட்டார். பெயர் ஃபோட்டோஃபெரிசிஸ். நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளையணுவை மட்டும் பிரித்து, மருந்து கலந்து, புற ஊதா-ஏ ஒளி காட்டி, திரும்ப உடலிலேயே செலுத்துவார்கள். இருட்டில் அந்த மருந்து சும்மா கிடக்கும். ஒளி பட்டதும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் தையல் போட்டதுபோல் இணைத்துவிடும். அணு சில நாளில் மடியும்.

இதில் வியப்பு என்னவென்றால், ஒரு தடவைக்கு உடலிலுள்ள வெள்ளையணுக்களில் சிறு பங்குதான் வெளியே வருகிறது. பலனோ உடல் முழுக்கத் தெரிகிறது. மடியும் அணுக்களை விழுங்கும் காவல் அணுக்கள் மனம்மாறி, நோய் எதிர்ப்பின் அளவுமீறிய ஆவேசத்தைத் தணிக்கின்றன என்பது இப்போதைய விளக்கம். தோலில் வரும் ஒருவகை லிம்போமாவுக்கும் (லிம்போசைட் புற்றுநோய்), மஜ்ஜை மாற்றுக்குப் பின் தானமாக வந்த அணுக்கள் உடலைத் தாக்கும் நோய்க்கும் இது கைகொடுக்கிறது. ஸ்டீராய்டைப்போல் ஒட்டுமொத்த எதிர்ப்புச் சக்தியையும் அடக்குவதில்லை. செலவுதான் கட்டுப்படியாகாது. சிகிச்சை முடிந்து 24 மணி நேரம் கறுப்புக் கண்ணாடி போட்டு வெயிலைத் தவிர்க்க வேண்டும். சென்னை வெயிலில் கார்போகரிசியைத் தானே அரைத்துப் பூசிக்கொண்டு நிற்பவர்களுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும், தோல் கொப்புளித்துவிடும்.

எதிர்ப்புச் சக்தி குன்றியவர் உடலும் வந்த அணுக்களை அழிக்காமல் விட்டுவிடலாம். ஆகவே வீட்டில் யாருக்காவது மஜ்ஜை மாற்றோ, ஹாட்ஜ்கின் லிம்போமாவோ இருந்தால், ரத்தம் ஏற்றும் முன் கதிர்வீச்சு செய்த பை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சொந்தக்காரர்கள் தாராளமாக ரத்தம் கொடுக்கட்டும். அது வங்கி வழியாக வேறு யாருக்காவது போகட்டும். உங்கள் நோயாளிக்கேதான் ஏற்ற வேண்டுமென்றால், கதிர்வீச்சு செய்தாகிவிட்டதா என்று பையின் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.