பிரேஸ்லெட்டின் கொக்கி கழலாமல் இருக்க

உக்கடம், கரும்புக்கடைப் பகுதிகளில் வீட்டிலிருந்தே பாசிமணி பிரேஸ்லெட் கோர்க்கும் சகோதரிகளின் கவனத்திற்கு: சென்ற மாதம் ஒரு கடையிலிருந்து சில உருப்படிகள் திரும்பி வந்தன. மணிகளில் குறையில்லை, கொக்கிதான் கழன்றிருந்தது. நாங்கள் பிரித்துப் பார்த்ததில் இரண்டு காரணங்கள் தெரிந்தன.

முதலாவது, கம்பியின் முனை. முடிச்சு மட்டும் போட்டால் நழுவிவிடும். கடைசி மணிக்குப் பின் 'கிரிம்ப்' எனும் சிறிய உலோக மணியைக் கோர்த்து, கம்பியைக் கொக்கியின் வளையத்தில் நுழையுங்கள். அதைத் திருப்பி, கிரிம்ப் வழியாகவும் பக்கத்து இரண்டு மூன்று மணிகள் வழியாகவும் கொண்டுவந்து, குறடால் கிரிம்பை நன்றாக நசுக்குங்கள். பிறகே மிச்சக் கம்பியை வெட்டுங்கள். மணிகள் சற்றே அசையும்படி இருக்கட்டும். மிக இறுகினால் கம்பி அறும்.

இரண்டாவது, இணைப்பு வளையம். இரு பக்கமும் இழுத்து விரித்தால் வட்டம் கெட்டு, வாய் சேராது. இரண்டு குறடுகளால் பிடித்து, ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்பித் திறந்து, அவ்வாறே மூடுங்கள்.

கொக்கியைப் பூட்டி, இழுத்துப் பார்த்த பிறகே கடைக்குக் கொடுங்கள். குறை தெரிந்தும் சொல்லாமல் விற்பது நமக்கு ஆகுமானதல்ல. உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.