எடையின்மை என்பது யாது?

விண்வெளி சென்றோர் மிதப்பது ஏன் என்று மாணவரை வினவினால், "அங்கே பூமியின் ஆகர்ஷண சக்தி இல்லை" என்று பலர் தயங்காது விடை கூறுவர். பரீட்சைத் தாளிலும் அவ்வாறே எழுதுவர். ஆயின் அது பிழையாகும். அஃது எங்ஙனம் பிழையாகும் என்பதை, விண்வெளி வீரர்கள் மாணாக்கர்க்குச் செய்து காட்டிய சில எளிய பரிசோதனைகளைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

2025-ஆம் ஆண்டு ஜூன் 25-இல் புறப்பட்டு, மறுநாள் சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்த சுபான்ஷு சுக்லா, அந்நிலையம் புக்க முதல் இந்தியராவர். அவர் ஆங்கு நீரைக் காற்றிலே விட்டுக் காட்டினார். அது கீழே சிந்தாது, பளிங்குருண்டைபோல் திரண்டு மிதந்தது. இதில் மாயம் ஒன்றுமில்லை. நீரின் மேற்பரப்பு தன்னை எப்பொழுதும் சுருக்கிக்கொள்ளவே முயலும். தாமரையிலைமேல் சிறு துளி முத்துப்போல் உருள்வதும் அதனாலேயே. பெருந்துளியாயின் இங்குத் தன் எடையால் தட்டையாகும். அங்கு அவ்வாறு அமுக்குவது ஒன்றுமில்லை.

2013-இல் கனடா நாட்டு வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு நனைந்த துணியைப் பிழிந்தார். நீர் சொட்டவில்லை, துணியையும் கைகளையும் பற்றிப் படர்ந்து நின்றது. இப்பரிசோதனையை எண்ணியவர் பேராசிரியரல்லர். அந்நாட்டுப் பள்ளி மாணவியர் இருவர் என்பது நாம் கருதத்தக்கது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சீன வீராங்கனை வாங் யாப்பிங் ஊசற்குண்டு ஒன்றை உயர்த்தி விட்டார். அது ஆடாது நின்றது. மெல்லத் தள்ளியவுடன் வட்டமாகச் சுழன்றது.

இனி, காரணத்தைக் காண்போம். விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவே. அவ்வுயரத்தில் பூமியின் ஆகர்ஷணம் தரையிலுள்ளதில் பத்தில் ஒன்பது பங்கிற்குச் சற்றே குறைவு. ஆதலின் நிலையம் இடைவிடாது பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டிலும் விரைவதால், அது விழுமளவிற்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகுகிறது. நிலையம், வீரர், நீர், ஊசல் யாவும் ஒருங்கே விழுவதால், ஒன்று மற்றொன்றின்மேல் எடையாய் அழுந்துவதில்லை. எடையின்மை என்பது இதுவே.

இதனைச் சோதிக்க இராக்கெட்டு வேண்டுவதில்லை. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு மாடி போதும். பழைய பிளாஸ்டிக் புட்டியின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, மூடியின்றி நீர் நிரப்பிப் பிடியுங்கள். நீர் பீறிட்டுப் பாயும். கீழே எவருமில்லை என்று உறுதி செய்தபின் கைவிடுங்கள். விழும் அக்கணத்தில் துளையினின்று நீர் வாராது! ஆகர்ஷணம் மறைந்ததோ? இல்லை, நீரும் புட்டியும் ஒத்த வேகத்தில் விழுந்தன, அவ்வளவே.

கோட்டூர்புரத்துக் கோளரங்கில் வானத்தைக் கண்டு வியக்கும் நம் இளைஞர், இப்புட்டியையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பாராக. மனப்பாடஞ் செய்த விடை பரீட்சையோடு கழிந்துவிடும்; கண்ணாற் கண்டு காரணம் உணர்ந்ததோ, வாழ்நாள் முழுதும் உடன் வரும்.