கிரீமா, சாம்பலா? சன்னலைப் பார்த்துவிட்டுச் சாயம் வாங்குங்கள்

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் வரிசை வீடுகளிலும் தரையில் பழைய நாளிதழ்கள் விரிக்கப்படும். சுவருக்குப் புதுச் சாயம் ஏறும். வரவேற்பறைக்கு அமைதியான நிறம் தேடுபவர்களில் பலர் கடைசியில் தடுமாறி நிற்பது கிரீம் வெள்ளைக்கும் இளஞ்சாம்பலுக்கும் இடையில்தான்.

கடை அட்டையில் இரண்டுமே அழகு. வீட்டுச் சுவரில் ஏறிய பிறகே சாம்பல் நீலம் பாரிக்கும், கிரீம் மஞ்சளடிக்கும். சாம்பலுக்கு அடியில் பெரும்பாலும் கொஞ்சம் நீலமோ பச்சையோ ஊதாவோ ஒளிந்திருக்கும். அட்டையை ஒரு வெள்ளைத் தாள்மீது வைத்தால் அது வெளியே தெரிந்துவிடும்.

வடக்குப் பார்த்த அறைக்குக் கிரீம் என்பது குளிர்நாட்டு அறிவுரை. நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே உள்ள கோலாலம்பூரில் அது செல்லாது. இங்கே நண்பகல் சூரியன் ஜூனில் வடக்கே சாய்ந்திருக்கும், டிசம்பரில் தெற்கே. நாம் பார்க்க வேண்டியது கிழக்கையும் மேற்கையும்தான். மேற்குச் சன்னல் வழியே வரும் மாலை வெயில் கிரீமை இன்னும் மஞ்சளாக்கும். அந்த அறைக்குச் சாம்பல் பொருந்தும்.

வரிசை வீட்டின் நடுக்கூடம் வேறு கதை. முன்னும் பின்னும் மட்டுமே சன்னல் இருப்பதால் பகலிலேயே மங்கல். சில நிறுவனங்கள் நிற அட்டையில் எல்.ஆர்.வி. என்றொரு எண்ணைத் தருகின்றன. சாயம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதன் அளவு அது: முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. கிரீம் வெள்ளை 80ஐ ஒட்டியும் இளஞ்சாம்பல் 60க்கு முன்பின்னாகவும் இருப்பது வழக்கம். பார்வை மங்கிய பாட்டி நடமாடும் கூடத்தில் இந்த வித்தியாசம் வெறும் அழகு சம்பந்தப்பட்டதல்ல. அங்கே கிரீம்தான் சரி.

இரவில் விளக்கு முடிவு செய்யும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழ் சாம்பல் மருத்துவமனை வார்டை நினைவூட்டும். 3000 கெல்வினில் கிரீம் வெண்ணெய் நிறமாகும். சுவரை மாற்றுவதைவிட விளக்கை மாற்றிப் பார்ப்பது மலிவு.

சிறிய டின் கிடைத்தால் இரண்டு நிறத்திலும் வாங்கி, பெரிய அட்டைகளில் இரண்டு பூச்சு பூசிக் காயவிடுங்கள். பழைய சுவரிலேயே பூசினால் பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும். சன்னல் ஓரத்திலும் எதிர்ச் சுவரிலும் சாத்திவைத்து, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள். சாமி மேடைக்குப் பின்சுவரில் மட்டும் எந்த நிறமானாலும் விளக்குப் புகை படியும். அங்கே ஈரத்துணியால் துடைக்கக்கூடிய சாயமாகக் கேட்டு வாங்குங்கள்.