நமக்கு இது சரிப்பட்டு வருமா?

மேலப்பாளையத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். மகள் செய்யும் வட்டலப்பத்துக்கும் தம்மடைக்கும் சொந்தபந்தத்தில் நல்ல பெயர். பெருநாள் நெருங்கினால் அடுத்த தெருவிலிருந்தும் கேட்டு ஆள் வரும். ஒருநாள் அவள் கேட்கிறாள்: "உம்மா, இதையே ஆர்டர் எடுத்துச் செய்தால் என்ன?" வீடு கொஞ்ச நேரம் அமைதியாகிறது. "நம்ம வீட்டுல யாரும் இப்படிச் செஞ்சது இல்லையேம்மா" என்கிறார் உம்மா. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே முடித்துவிடுகிறாள்: "வேண்டாம், நமக்கு இது சரிப்பட்டு வராது."

இருபது வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், சொந்தமாகக் கடை போட நினைக்கும்போதும் இதே கேள்விதான் வருகிறது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசவேண்டிய மாணவனுக்கும் இதே கேள்விதான். தடுப்பது பணமோ சட்டமோ அல்ல. பல வீடுகளில் இந்த ஒற்றைக் கேள்வியிலேயே காரியம் நின்றுபோகிறது.

'உன்னை நம்பு, உன்னால் முடியும்' என்று தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. அதைப் படித்தால் அன்று மாலை வரை தெம்பாக இருக்கும். மறுநாள் பழைய பயம் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஏனென்றால் அந்தப் பயம் சொல்வதில் பாதி உண்மை. நமக்கு ஏதோ ஒன்று தெரியாது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த 'ஏதோ ஒன்று' எது என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

அப்படிப் பார்த்த ஒருவர் நமது திருநெல்வேலியில்தான் வாழ்ந்தார். வற்றல் மிளகாய் வியாபாரி. பெயர் தோப்பில் முஹம்மது மீரான்.

இன்று அவரை சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவலாசிரியராக அறிவோம். ஆனால் அவர் தொடங்கிய நிலைமையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1944இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர் அவர். அந்தக் கடற்கரை ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதனால் வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். மனம் நிறைய ஊர்க் கதைகள் இருந்தன. எழுத வேண்டிய மொழியின் எழுத்துத்தான் கைக்குப் பழக்கமில்லை.

ஒரு நாவல் எழுத ஆசைப்படும் மனிதருக்கு இதைவிடப் பெரிய தடை என்ன இருக்க முடியும்? 'நமக்கு இது சரிப்பட்டு வராது' என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கணக்கு நோட்டோடும் மிளகாய் மூட்டையோடும் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அவர் செய்தது மிக எளிய ஒரு காரியம். தமிழ்க் கதையை மலையாள எழுத்தில் எழுதினார். தமிழ் எழுதத் தெரிந்தவர்களின் உதவியோடு அது தமிழ் எழுத்துக்கு மாறியது. தனக்கு இல்லாதது கதை அல்ல, மொழி அல்ல, எழுத்து மட்டுமே என்று அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். இல்லாத அந்த ஒன்றை மட்டும் பிறரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் அவர் வெட்கப்படவில்லை. நம் வீடுகளில் பல காரியங்கள் நின்றுபோவதே, கேட்க வெட்கப்பட்டுத்தான்.

அப்படி எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்தது. பிறகு 1988இல் நூலானது. அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. ஊரில் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் பெரிய முதலாளியும், அவருக்கு அஞ்சி வாழும் எளிய மக்களும் உலவும் நாவல் அது. புதியதைக் கண்டு அஞ்சும் ஊரைப் பற்றி எழுதியவர், தனக்கே புதிதான ஒரு காரியத்தில் இறங்கித்தான் அதை எழுதினார். தன் ஊர் முஸ்லிம்கள் பேசும் பேச்சையே, அரபிச் சொல்லும் மலையாள வாடையும் கலந்தபடி எழுதினார். 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறையாகத் தெரிந்த அந்த மலையாளமே பின்னால் அவருக்கு வரமானது. மலையாள நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர் அவர். 2019 மே மாதம் திருநெல்வேலியிலேயே வஃபாத் ஆனார்.

மீரான் செய்ததைப் படிக்கும்போது நமக்கு மூஸா (அலை) அவர்களின் துஆ நினைவுக்கு வருகிறது. ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு அல்லாஹ் கட்டளையிட்டபோது மூஸா (அலை) அவர்கள், தமக்கு எல்லாம் முடியும் என்று சொல்லிக் கிளம்பிவிடவில்லை. நெஞ்சை விரிவாக்கித் தரவும், காரியத்தை எளிதாக்கவும், நாவின் முடிச்சை அவிழ்க்கவும் கேட்டார்கள். பிறகு, தம் குடும்பத்திலிருந்தே ஓர் உதவியாளரைக் கேட்டார்கள்: சகோதரர் ஹாரூன் (அலை). பேச்சில் தம்மைவிடத் தெளிவானவர் ஹாரூன் என்று வெளிப்படையாகவே சொன்னதை 'அல் கஸஸ்' அத்தியாயத்தில் பார்க்கிறோம். ஒரு நபி, தம் சகோதரர் தம்மைவிட நன்றாகப் பேசுவார் என்று சொல்கிறார்கள். அதில் தாழ்வு மனப்பான்மை துளியும் இல்லை. என்ன குறைகிறது என்ற தெளிவுதான் இருக்கிறது.

'தாஹா' அத்தியாயத்தில் நாம் வேகமாக ஓதிக் கடந்துவிடும் ஓர் இடம் உண்டு. கேட்டது அனைத்தும் கொடுக்கப்பட்ட பிறகும், ஹாரூன் (அலை) துணை சேர்ந்த பிறகும், ஃபிர்அவ்ன் வரம்பு மீறிவிடுவானோ என்று அஞ்சுவதாக இருவரும் அல்லாஹ்விடம் முறையிடுகிறார்கள். அந்த அச்சத்துக்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. அஞ்ச வேண்டாம், நான் உங்கள் இருவருடனும் இருக்கிறேன், கேட்கிறேன், பார்க்கிறேன் என்ற பொருளில் ஆறுதல் வருகிறது. கூடவே 'போங்கள்' என்ற கட்டளையும் வருகிறது. பயம் முழுதாகப் போன பிறகு கிளம்பலாம் என்று காத்திருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

ஆனால் எல்லா அச்சத்தையும் ஒரே மூட்டையில் கட்டித் தூக்கி எறியச் சொல்வதும் தவறு. சில அச்சங்கள் நம்மைக் காக்க வருபவை. வட்டிக்குக் கடன் வாங்கிக் கடை திறக்கப் போகும் மகனைப் பார்த்து உம்மாவுக்கு வயிறு கலங்கினால், அது கோழைத்தனம் அல்ல, ஈமான். தங்கையின் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் நகையை அடகு வைத்து, தெரியாத தொழிலில் போடப்போகிறார் என்றால் பயப்படத்தான் வேண்டும். வறுமையைக் காட்டி ஷைத்தான் மிரட்டுகிறான் என்று குர்ஆன் எச்சரிப்பது உண்மை. அதற்காக, கணக்குப் பார்க்கச் சொல்லும் வாப்பாவை ஷைத்தானின் கட்சியில் சேர்த்துவிடக் கூடாது.

ஹராமும் பெரும் நஷ்டமும் இல்லாத இடத்திலும் நாம் அஞ்சுகிறோமே, அதுதான் பேச்சு. பெரும்பாலும் அது 'ஊர் என்ன சொல்லும்' என்ற அச்சம். மஹல்லாவில் ஒருவர் கடை திறந்து ஆறு மாதத்தில் மூடினால், அடுத்த பத்து வருடத்துக்கு அவரை அந்தக் கடையின் பெயரால்தான் கூப்பிடுவோம். அந்தப் பட்டப்பெயரைக் கேட்டு வளரும் பிள்ளை எப்படித் துணிந்து ஒன்றைத் தொடங்கும்? இந்தப் பாவத்தில் நம் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது.

இதற்குச் சிறிய அளவில் தொடங்குவது நல்ல மருந்து. மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார் அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி). அவர் துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார். பெரிய முதலீட்டை அவர் வாங்கவில்லை; புதிய ஊரில் தமக்குத் தெரியாத ஒன்றைத்தான், அதாவது சந்தைக்கு வழியைத்தான் வாங்கிக்கொண்டார். பின்னால் பெருஞ்செல்வர் ஆனார் என்பது நாமறிந்த வரலாறு.

இஸ்திகாரா தொழுகை பற்றியும் ஒரு வார்த்தை. குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவது போல நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கற்றுத் தந்தது இது. இரண்டு ரக்அத் தொழுது, இந்தக் காரியம் என் தீனுக்கும் வாழ்வுக்கும் நல்லதென்றால் எளிதாக்கு, இல்லையென்றால் விலக்கிவிடு என்று அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. நம்மில் பலர் இதைத் தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருக்கிறோம். பச்சை தெரிந்தால் சரி, சிவப்பு தெரிந்தால் வேண்டாம் என்றெல்லாம் கணக்கு வைத்திருக்கிறோம். அந்த ஹதீஸில் கனவு பற்றி எதுவும் இல்லை. அனுபவமுள்ளவர்களிடம் மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது, காரியத்தில் இறங்க வேண்டியதுதான். எளிதானால் அல்ஹம்துலில்லாஹ். அடைபட்டால் அதுவும் கேட்ட துஆவுக்குக் கிடைத்த பதில்தான்.

மேலப்பாளையத்து வீட்டுக்கு வருவோம். அங்கே நமக்கு மகளைவிட உம்மாவும் வாப்பாவும்தான் முக்கியம். ஹிரா குகையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் நடுங்கியபடி வீடு திரும்பிய இரவில் கதீஜா (ரலி) அவர்கள் செய்ததை நாம் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவர்கள் வெறுமனே பயப்படாதீர்கள் என்று தட்டிக்கொடுக்கவில்லை. உறவுகளைச் சேர்த்து வாழ்பவர், சிரமப்படுபவரின் சுமையைச் சுமப்பவர், இல்லாதவருக்கு ஈட்டிக் கொடுப்பவர், விருந்தினரைக் கண்ணியப்படுத்துபவர் என்று, தாம் கண்ணால் கண்டதை எடுத்துச் சொன்னார்கள். இப்படிப்பட்டவரை அல்லாஹ் கைவிட மாட்டான் என்றார்கள். அதோடு நிற்காமல், வேதங்களை அறிந்த வரகா இப்னு நவ்ஃபலிடம் தாமே அழைத்துச் சென்றார்கள். வரகாவும் எல்லாம் சுலபம் என்று சொல்லவில்லை. உம் சமூகத்தார் உம்மை ஊரைவிட்டே வெளியேற்றுவார்கள் என்ற கசப்பையும் மறைக்காமல் சொன்னார்.

நபித்துவம் எங்கே, நம் வீட்டு வட்டலப்பம் எங்கே என்று கேட்கலாம். ஒப்பிடவே முடியாது. ஆனால் பயந்து நிற்கும் ஒருவரிடம் வீட்டில் உள்ளவர் எப்படி நடந்துகொள்வது என்பதை அந்த வீட்டிலிருந்துதானே நாம் கற்க வேண்டும்? அந்த உம்மா இப்படிச் சொல்லலாம்: "போன பெருநாளைக்கு நாப்பது பேருக்கு நீ தனியாத்தானே செஞ்சே, ஒரு கிண்ணம் கூட மிஞ்சலையே." மகளுக்கு எது தெரியாது என்று உட்கார்ந்து பார்த்தால் பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும்: என்ன விலை வைப்பது, எப்படிப் பொதிவது, கடன் சொல்பவரை எப்படிச் சமாளிப்பது, உணவுப் பாதுகாப்புத் துறையில் எங்கே பதிவது. வீட்டில் சமைத்துச் சிறிதாக விற்பவருக்கென்று எளிய பதிவு முறை இருக்கிறது. பெரிய ஆலைக்கான உரிமம் தேவையில்லை. இந்த நான்கும் தெரிந்த ஆள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கக்கூடும். பல வருடமாகப் பலகாரம் செய்து விற்றுவரும் ஒரு பெரியம்மா, ஒரு கடைக்காரர், படித்த ஒரு மருமகன்.

வாப்பா மௌனமாக இருந்தாரே, அவருக்கும் வேலை இருக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை மகளை அந்தப் பெரியம்மா வீட்டுக்கு அவர் கூட்டிப்போகலாம். லாபத்தை மட்டும் கேட்காமல், முதல் வருடம் எவ்வளவு நஷ்டம் வந்தது, யார் காசு தராமல் ஏமாற்றினார், எந்த மாதத்தில் ஆர்டரே வராது என்பதையும் மகள் காதுபடவே கேட்கலாம். திரும்பி வரும் வழியில் பத்து டப்பா வாங்கிக்கொள்ளலாம். முதல் வாரத்துக்குப் பத்து போதும்.