28 டேக்கிள், 8 ட்ரை, 12 புள்ளி: ரக்பியில் ‘பெஸ்ட் பிளேயர்’ யார்னு எண்கள் சொல்லிவிடுமா?

2023 அக்டோபர் 28. பாரிஸை ஒட்டிய ஸ்டாட் டி ஃப்ரான்ஸ் மைதானம். ரக்பி உலகக் கோப்பை இறுதிப்போட்டி. தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கைமாறியது.

தென்னாப்பிரிக்காவின் அந்த 12 புள்ளிகளையும் எடுத்தவர் ஹாண்ட்ரே போலார்ட். நான்கு பெனால்டி உதைகள், நான்கும் கம்பங்களுக்கு நடுவே. அப்படியானால் ஆட்டநாயகன் விருது அவருக்குத்தானே? இல்லை. அன்று ஒரு புள்ளிகூட எடுக்காத பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட்டுக்குப் போனது. அவர் பெயருக்கு நேரே இருந்த எண் வேறு: 28 டேக்கிள்.

இது சரியான தேர்வா? ஒரு ரக்பி வீரர் நன்றாக ஆடினாரா இல்லையா என்பதை எண்களை வைத்து எப்படி முடிவு செய்கிறார்கள்? கிரிக்கெட்டில் சராசரியும் ஸ்ட்ரைக் ரேட்டும் நமக்கு அத்துப்படி. ரக்பியில் இந்தக் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், ஒரு நிமிட ரக்பி பாடம்

ஓர் அணிக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் முன்னோக்கிக் கையால் பாஸ் செய்யக் கூடாது. எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து அழுத்தினால் ‘ட்ரை’, 5 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்க ஒரு வாய்ப்பு, அது ‘கன்வெர்ஷன்’, 2 புள்ளி. எதிரணி தப்பு செய்தால் கிடைக்கும் பெனால்டியை உதைத்து உள்ளே அனுப்பினால் 3 புள்ளி. ஆட்டத்தின் ஓட்டத்திலேயே உதைக்கும் டிராப் கோலுக்கும் 3.

பந்தோடு ஓடி வருபவரைப் பிடித்துக் கீழே சாய்ப்பதுதான் டேக்கிள். கபடி பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. ஆனால் கபடியில் ரெய்டரைப் பிடித்தால் ஸ்கோர்போர்டில் புள்ளி ஏறும். ரக்பியில் ஏறாது. 28 முறை பிடித்தாலும் பூஜ்யம்தான். குழப்பம் தொடங்குவதே இந்த இடத்தில்தான்.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன?

இரண்டு வழிகள். முதலாவது, வீடியோ. ஆப்டா போன்ற டேட்டா நிறுவனங்களிலும் அணிகளின் அனலிஸ்ட் அறைகளிலும் இருப்பவர்கள் ஆட்டத்தைப் பார்த்து ஒவ்வொரு நிகழ்வையும் பதிவு செய்கிறார்கள். யார் பந்தை எடுத்து ஓடினார், எத்தனை மீட்டர், யார் மடக்கினார், யார் கோட்டைவிட்டார் என்று எல்லாமே வரிசையாக ஏறும்.

இரண்டாவது, உடலில் மாட்டும் கருவி. வீரர்களின் ஜெர்சியில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு சின்னப் புடைப்பைக் கவனித்திருப்பீர்கள். அது ஜிபிஎஸ் கருவி. ஓடிய தூரம், உச்ச வேகம், எத்தனை முறை சட்டென்று வேகமெடுத்தார் என்பதையெல்லாம் அது சொல்லும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: பதிவு செய்வது மனிதர்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைச் சாய்த்தால் அது ஒரு டேக்கிளா, இரண்டா? கை பட்டும் பிடி நழுவினால் அது ‘தவறவிட்ட டேக்கிள்’ ஆகுமா? ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வரையறை. அதனால் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு இடங்களில் இரண்டு எண்களைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ட்ரை அடித்தவர்தான் ஹீரோவா?

2023 தொடரில் அதிக ட்ரை அடித்தவர் நியூசிலாந்து விங்கர் வில் ஜோர்டன், மொத்தம் 8. ஒரே உலகக் கோப்பையில் அதிக ட்ரை என்ற சாதனையில், ஜோனா லோமு (1999), பிரையன் ஹபானா (2007), ஜூலியன் சவேயா (2015) ஆகியோரோடு அவரும் சேர்ந்துகொண்டார். அர்ஜென்டினாவை 44-6 என்று வென்ற அரையிறுதியில் மட்டும் மூன்று ட்ரை.

இந்தப் பட்டியலில் இருக்கும் லோமு, ஹபானா, சவேயா, ஜோர்டன் நால்வருமே விங்கர் இடத்துக்குப் பெயர் போனவர்கள். விங்கர் நிற்பது மைதானத்தின் ஓரத்தில். நடுவே இருப்பவர்கள் முட்டி மோதி இடம் உண்டாக்கிய பிறகு, கடைசி பாஸ் அவரிடம்தான் வரும். அந்தக் கடைசி 20 மீட்டரை முடிப்பதும் பெரிய திறமைதான். ஆனால் முதல் 60 மீட்டரை உருவாக்கியவர்களின் பெயர் ட்ரை பட்டியலில் வராது.

யாருக்கு எதிராக அடித்தார் என்பதும் முக்கியம். அதே தொடரில் சிலியை இங்கிலாந்து 71-0 என்று வென்றது. அதில் இளம் விங்கர் ஹென்றி அருண்டெல் ஒருவரே 5 ட்ரை அடித்தார். எண்ணை மட்டும் பார்த்தால் அடுத்த ஆட்டங்களில் அவரை உட்கார வைக்கவே முடியாது. ஆனால் காலிறுதி, அரையிறுதி இரண்டிலுமே அவருக்கு அணியில் இடமில்லை. பலவீனமான அணிக்கு எதிரான 5 ட்ரையும், நெருக்கடியான நாக்-அவுட் ஆட்டத்தில் உயரப் பந்துகளைப் பிடிக்கும் நம்பகத்தன்மையும் வேறு வேறு விஷயங்கள். பயிற்சியாளர் ஸ்டீவ் போர்த்விக் டேட்டாவை நம்புபவர் என்று பெயரெடுத்தவர். அவரே அந்த 5 என்ற எண்ணுக்கு மயங்கவில்லை.

டேக்கிள் அதிகம் என்றால் நல்லதா?

டு டாய்ட்டின் 28 டேக்கிளுக்கு வருவோம். 80 நிமிடத்தில் 28 என்றால், மூன்று நிமிடம் ஆவதற்குள் ஒரு டேக்கிள். ஒவ்வொன்றும் பந்தோடு ஓடி வரும் ஒருவரோடு மோதல். அசாத்தியம்தான்.

ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். டேக்கிள் செய்யும் வாய்ப்பு எப்போது வரும்? பந்து எதிரணியிடம் இருக்கும்போதுதான். தொடர்ந்து பந்தை இழக்கும் அணியின் வீரர்களுக்கு டேக்கிள் எண்ணிக்கை தானாகவே கூடும். மோசமாகத் தோற்ற அணியில்கூட ஒருவர் டேக்கிள் பட்டியலில் உச்சத்தில் இருக்கலாம்.

சதவீதம் பார்த்தால் சரியாகிவிடுமா? அங்கேயும் ஒரு பொறி. 10 முயற்சியில் 10 பிடித்தவருக்கு 100%. 25 முயற்சியில் 22 பிடித்தவருக்கு 88%. முதலாமவர் தன் இடத்துக்கு நேராக வந்தவர்களை மட்டும் பிடித்திருக்கலாம். இரண்டாமவர் மற்றவர்கள் விட்ட ஆட்களையும் துரத்தி ஓடியிருக்கலாம். ஆபத்தான இடத்துக்குப் போகாதவருக்கு ‘தவறவிட்ட டேக்கிள்’ என்று எதுவுமே பதிவாகாது. அலுவலகத்தில் கஷ்டமான புராஜெக்ட்டைத் தொடாதவரின் அப்ரைசல் ஷீட் சுத்தமாக இருப்பது மாதிரிதான்.

அப்படியென்றால் டு டாய்ட்டின் எண் எப்படி மதிப்புப் பெறுகிறது? அந்த ஆட்டத்தின் சூழலோடு சேர்த்துப் பார்க்கும்போது. இடைவேளையில் தென்னாப்பிரிக்கா 12-6 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் அந்த அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கேப்டன் சாம் கேன் ரெட் கார்டு வாங்கியதால் நியூசிலாந்து 14 பேரோடு ஆடியது. அப்படியும் அந்தப் பாதியில் புள்ளி எடுத்தது அவர்கள்தான். அத்தனையையும் தாங்கி அந்த ஒரு புள்ளியைக் காப்பாற்றியது தடுப்பாட்டம். அந்தத் தடுப்பாட்டத்தின் நடுவே நின்றவர் டு டாய்ட்.

உதையின் விலை: ஒரு ஹூக்கர்

எண்கள் ஒரு அணியின் தலையெழுத்தை மாற்றிய கதை போலார்டுடையது.

காயத்தால் அவர் முதலில் அணியிலேயே இல்லை. உதைக்கும் பொறுப்பு மானி லிபாக்கிடம். லிபாக் கற்பனை வளம் மிக்க ஆட்டக்காரர். ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் உதைத்து, கர்ட்-லீ அரெண்ட்ஸுக்கு ட்ரை வாங்கிக் கொடுத்தார். ஆனால் கம்பங்களுக்கு நடுவே உதைப்பதில் தடுமாறினார். அயர்லாந்துக்கு எதிராக தென்னாப்பிரிக்கா 8-13 என்று தோற்ற ஆட்டத்தில், லிபாக்கும் ஃபாஃப் டி கிளெர்க்கும் சேர்ந்து உதையில் கோட்டைவிட்டது 11 புள்ளிகள். தோல்வி வித்தியாசமோ 5 புள்ளி.

அந்த ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே அணிக்கு ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஹூக்கர் மால்கம் மார்க்ஸுக்குக் காயம். அவர் இடத்துக்கு இன்னொரு ஹூக்கரைக் கூப்பிடுவதுதான் வழக்கம். தென்னாப்பிரிக்கா கூப்பிட்டதோ போலார்டை. உதையின் மதிப்பு ஒரு ஹூக்கரைவிட அதிகம் என்று கணக்குப் போட்டார்கள்.

அதன் விலை இறுதிப்போட்டியில் தெரிந்தது. முதல் சில நிமிடங்களிலேயே ஹூக்கர் போங்கி எம்போனாம்பி காயத்தோடு வெளியேற, ஃப்ளாங்கராகவும் ஆடும் டியான் ஃபூரி மீதி நேரம் முழுக்க அந்த இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. லைன்-அவுட்டில் அணி திணறியது. ஆனாலும் போலார்ட் 4-க்கு 4. எதிரே நியூசிலாந்து 4-க்கு 2. ரிச்சி மொவுங்கா தவறவிட்ட கன்வெர்ஷன், கடைசிக் கட்டத்தில் ஜோர்டி பாரெட் தவறவிட்ட நீண்ட தூரப் பெனால்டி: இரண்டில் எது உள்ளே போயிருந்தாலும் கணக்கு மாறியிருக்கும்.

ஆனால் ‘4-க்கு 2’ என்பதை வைத்து மொவுங்காவையும் பாரெட்டையும் மோசமான உதைப்பாளர்கள் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் நவீன கணக்கு உதவுகிறது. ஒவ்வொரு உதைக்கும் தூரம், கோணம் பார்த்து, சராசரி உதைப்பாளர் அதை முடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று முதலில் கணிக்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 90% வாய்ப்புள்ள 10 சுலபமான உதைகளில் 9-ஐ முடிக்கிறார். இன்னொருவர் 60% வாய்ப்புள்ள 10 கடினமான உதைகளில் 7-ஐ முடிக்கிறார். ஸ்கோர் கார்டில் முதலாமவர் 90%, இரண்டாமவர் 70%. ஆனால் முதலாமவர் எதிர்பார்த்ததை மட்டும் செய்தார். இரண்டாமவர் எதிர்பார்த்ததைவிட ஒன்று கூடுதலாகச் செய்தார். உண்மையில் நன்றாக உதைத்தவர் இரண்டாமவர்.

எந்தக் கட்டத்திலும் ஏறாத வேலை

இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதி. கடைசி நிமிடங்களில் ஒரு ஸ்க்ரம். மாற்று வீரராக வந்த ப்ராப் ஆக்ஸ் என்சே, எதிரணி முன்வரிசையை நெருக்கித் தள்ள, பெனால்டி கிடைத்தது. அதைத் தொலைவிலிருந்து உதைத்து முடித்தவர் போலார்ட். 16-15, வெற்றி. புள்ளிப் பட்டியலில் 3 போலார்டுக்கு, 0 என்சேவுக்கு. அந்த ஆட்டத்தில் இங்கிலாந்தின் 15 புள்ளிகளையும் ஓவன் ஃபாரெல் ஒருவரே எடுத்தார். தொடரில் 75 புள்ளிகளோடு முதலிடமும் அவருக்கே. அணிக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்.

காலிறுதியில் இன்னும் விசித்திரம். பிரான்ஸின் தோமா ராமோஸ் கன்வெர்ஷன் உதைக்க ஓடி வருகிறார். கன்வெர்ஷனில் உதைப்பவர் நகர ஆரம்பித்ததும் எதிரணி பாய்ந்து வரலாம் என்பது விதி. செஸ்லின் கோல்பி மின்னல் வேகத்தில் பாய்ந்து பந்தைத் தடுத்துவிட்டார். ஆட்டம் 29-28 என்று தென்னாப்பிரிக்காவுக்கு. உதைப்பாளர்களின் கணக்கில் அது ராமோஸின் ஒரு ‘மிஸ்’. கோல்பி காப்பாற்றிய 2 புள்ளி எந்தப் புள்ளிப் பட்டியலிலும் வராது.

7 ஆட்டம் போதுமா?

கோப்பையை வெல்லும் அணியே 2023-ல் ஆடியது 7 ஆட்டம்தான். எல்லா நிமிடமும் களத்தில் நின்றாலும் ஒரு வீரருக்கு 560 நிமிடம். ஓர் உதைப்பாளருக்கு 20 வாய்ப்பு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 80%-க்கும் 70%-க்கும் இடையிலான வித்தியாசம் வெறும் 2 உதை. ஒரு நாள் பலத்த காற்று அடித்தால் போதும், அந்த இரண்டும் போய்விடும். ஒரு தொடரை மட்டும் வைத்து ஒருவரின் திறமைக்குத் தீர்ப்பு எழுதுவது அவசரம். அந்தத் தொடரில் அவர் என்ன செய்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஸ்டாட்ஸ் கார்டு கண்ணில் பட்டால் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எந்த இடத்து வீரர்? ப்ராப்பை விங்கரோடு ஒப்பிடுவது, விக்கெட் கீப்பரை வேகப்பந்து வீச்சாளரோடு ஒப்பிடுவது போல.
2. எத்தனை நிமிடம் ஆடினார்? இறுதிப்போட்டியில் தென்னாப்பிரிக்காவின் 8 மாற்று வீரர்களில் 7 பேர் முன்கள ஆட்டக்காரர்கள். பாதி ஆட்டத்தில் இறங்குபவரை மொத்த எண்ணால் அளக்க முடியாது. 80 நிமிடத்துக்கு எவ்வளவு என்று மாற்றிப் பாருங்கள்.
3. எதிரணி யார்? குரூப் ஆட்டமா, நாக்-அவுட்டா?
4. வாய்ப்பு எவ்வளவு கிடைத்தது? பந்து யாரிடம் அதிக நேரம் இருந்தது?
5. இந்த எண்ணுக்கு முன்னால் யார் என்ன வேலை செய்தார்கள்?

இறுதிப்போட்டிக்கு மறுநாள் அறிவிக்கப்பட்ட 2023-ன் உலகின் சிறந்த வீரர் விருது, தோற்ற அணியின் ஆர்டி சவேயாவுக்குப் போனது. அது ஓர் ஆட்டத்துக்கல்ல, அந்த ஆண்டு முழுவதுக்குமான விருது. இறுதிச் சுற்றுக்கு வந்த நால்வரில் டு டாய்ட்டின் பெயரே இல்லை. இதே விருதை அவர் 2019-ல் வாங்கியிருந்தார், 2024-ல் மறுபடியும் வாங்கினார். இடையில் உலகக் கோப்பையையே காப்பாற்றிய அந்த 28 டேக்கிளுக்குக் கிடைத்தது ஒரு ராத்திரியின் ஆட்டநாயகன் பட்டம் மட்டும்.